வீட்டுக்குள் வந்த புத்தகங்கள்: நம் வாசிப்பின் வரலாறு

எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துக்குப் போன ஆண்டு ஒரு தாய் வந்தார். கரும்பு வெட்டிவிட்டு நேராக வந்திருந்தார். கையில் ஒரு கதைப் புத்தகம். அவருடைய மகன் எங்களிடமிருந்து வீட்டுக்கு எடுத்துப் போனது.

"ஏன் சார், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டார். வராது என்றோம்.

"அப்புறம் எதுக்கு சார் குடுக்குறீங்க? பாடத்தப் படிக்கவே நேரம் பத்தல. இவன் ராத்திரியெல்லாம் இத வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். எங்களுக்குத்தான் படிப்பு இல்ல. இவனாவது பாசாகி வெளிய போகட்டும்னு பாக்குறோம்."

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நம் வீடுகளில் மதிப்பெண் என்பது வெறும் எண் அல்ல. கரும்புக் காட்டிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் பிள்ளை வெளியேறப் போகிற ஒரே வழி அது. அன்று நாங்கள் அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "புத்தகம் படிச்சா அறிவு வளரும்மா" என்று எதையோ சொல்லிச் சமாளித்தோம். அவர் நம்பவில்லை. சொன்ன எங்களுக்கே அது பதிலாகத் தோன்றவில்லை.

அவருடைய கேள்விக்கான பதில் நம் வரலாற்றில் இருக்கிறது. பரீட்சைக்கு வராத புத்தகங்கள் நம் மக்களின் வீடுகளுக்குள் எப்படி வந்தன, வந்து என்ன செய்தன என்பதைத் திரும்பிப் பார்த்தால்தான் அந்தப் பதில் கிடைக்கும். களத்தில் வேலை செய்யும் இளம் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் அந்த வரலாற்றைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பரேலில் ஓர் ஒற்றை அறை

அண்ணல் அம்பேத்கரின் குடும்பம் சத்தாராவிலிருந்து பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, பரேலில் தொழிலாளர்கள் வாழும் சாலில் ஒரே ஓர் அறையில் குடியிருந்தது. சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் அதே அறையில். தலைமாட்டில் திரிகைக் கல், காலடியில் ஆடு, கண்ணாடிச் சிமினி இல்லாத ஓர் எண்ணெய் விளக்கு. அறையில் இடம் போதாததால் மகனைச் சீக்கிரம் தூங்கச் சொல்லிவிட்டுத் தந்தை ராம்ஜி விழித்திருப்பார். இரவு 2 மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு, மகன் எழுந்த இடத்தில் தான் படுத்துக்கொள்வார். அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்தக் காட்சியை நாம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். "பாருங்கள், எவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தார்" என்று முடித்துவிடுகிறோம். ஆனால் கீர் சொல்லும் இன்னொரு செய்தியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். சிறுவன் பீமுக்குப் பாடப் புத்தகங்களைவிட வேறு புத்தகங்களின் மேல்தான் ஆசை அதிகம். அதில் தந்தைக்கு முழுச் சம்மதம் இல்லை. பாடத்தில் கவனம் சிதறுமே என்ற கவலை. கரும்புக் காட்டிலிருந்து வந்த அந்தத் தாயின் கவலையேதான்.

அப்படியிருந்தும் மகன் கேட்ட புத்தகத்தை வாங்கித் தர அவர் மறுத்ததில்லை. கையில் பணம் இல்லாவிட்டால், கல்யாணமாகிப் போன மகள்களின் வீட்டுக்குப் போவார். அவர்களுடைய நகையை வாங்கிப் போய் அடகு வைத்துப் புத்தகம் வாங்கி வருவார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். அக்காமாரின் நகை அடகுக் கடையில் இருந்த நாட்களில்தான் அம்பேத்கரின் வாசிப்பு வளர்ந்தது. நம் வரலாற்றில் அந்தப் பெண்களின் பெயரை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

ராம்ஜிக்கு இந்த மனம் எங்கிருந்து வந்தது? அவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர், ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் வேலை பார்த்தவர். ஊர்ப் பள்ளிக்கூடம் மகர்களுக்கு மூடிக் கிடந்த காலத்தில் ராணுவம் அவர்களுக்கு எழுத்தைக் கொடுத்தது. அப்படித்தான் அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு வாசகர் இருந்தார். சமூகவியலில் பண்பாட்டு மூலதனம் என்று ஒன்றைச் சொல்வார்கள். சொத்தைப் போலவே புத்தகப் பழக்கமும் தலைமுறை வழியாகக் கைமாறுகிறது என்பது அதன் பொருள். நம்மில் பெரும்பாலோருக்கு நிலமும் வரவில்லை, இதுவும் வரவில்லை. வந்த ஓரிரு வீடுகளில் என்ன நடந்தது என்பதற்கு ராம்ஜியின் வீடு சாட்சி.

"இந்தப் புத்தகம் ஏன்?"

பள்ளிக்கூடம் அந்தச் சிறுவனுக்கு என்ன கொடுத்தது என்று நமக்குத் தெரியும். சத்தாராவில் வகுப்பின் மூலையில் தனியாக ஒரு கோணித் துண்டில் உட்கார வைத்தார்கள். பள்ளியைப் பெருக்கும் ஆள் அந்தக் கோணியைத் தொட மாட்டார் என்பதால், மாலையில் அதை வீட்டுக்குச் சுமந்து போய் மறுநாள் சுமந்து வர வேண்டும். பம்பாயில் சமஸ்கிருதம் படிக்க விரும்பியபோது அது மறுக்கப்பட்டது. பாரசீகம் எடுத்துப் படிக்க வேண்டியிருந்தது. எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சாதிதான் முடிவு செய்தது.

வீட்டில் வேறொன்று நடந்தது. ராம்ஜி கபீர் வழியைப் பின்பற்றியவர். பிள்ளைகளுக்கும் வீட்டுக்கு வருபவர்களுக்கும் இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் வாசித்துக் காட்டுவார். மகனையும் படிக்கச் சொல்வார். பல ஆண்டுகள் இது நடந்தது. ஒரு நாள் மகன் தந்தையிடம் கேட்டுவிட்டான்: நம்மை இழிவாகப் பேசும் இந்த நூல்களை ஏன் எங்களைப் படிக்கச் சொல்கிறீர்கள்?

தந்தை அடிக்கவில்லை, அதட்டவில்லை. காரணம் சொன்னார். தீண்டப்படாதவர்களாகப் பிறந்ததால் உங்களுக்குத் தாழ்வு மனப்பான்மை வரும், துரோணரும் கர்ணனும் எளிய நிலையிலிருந்து எவ்வளவு உயரத்துக்குப் போனார்கள் என்று பாருங்கள் என்றார். அந்தப் பதிலில் ஓரளவு நியாயம் இருந்தாலும் தனக்கு அதில் திருப்தி இல்லை என்று பிற்காலத்தில் அம்பேத்கர் எழுதினார். அந்த இதிகாச நாயகர்களில் ஒருவரும் அவரைக் கவரவில்லை.

அந்த நேரத்தில்தான் இன்னொரு புத்தகம் வந்து சேர்ந்தது. ஒரு தேர்வில் அவர் தேறியபோது சமூகத்தார் பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினார்கள். பையனுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று ராம்ஜி மறுத்தார். அவர்கள் தாதா கேலுஸ்கரிடம் போனார்கள். எழுத்தாளரான அவர் ராம்ஜிக்கு நண்பர். அவர் பேசிச் சம்மதிக்க வைத்தார், தானே கூட்டத்துக்கும் வந்தார். மராத்தியில் தான் எழுதிய புத்தர் வாழ்க்கை வரலாற்றின் ஒரு பிரதியைச் சிறுவனுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

படித்துவிட்டுச் சிறுவன் மறுபடியும் தந்தையிடம் கேள்வியோடு போனான். புத்தரைப் பற்றி ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை? 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்காக 1956இல் எழுதிய முன்னுரையில் அம்பேத்கர் இதையெல்லாம் நினைவுகூர்ந்தார். அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்றார். கோணித் துண்டில் உட்கார்ந்து படித்த பாடங்களில் எதுவும் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. வீட்டுக்கு வந்த ஒரு பரிசுப் புத்தகம் அந்தப் பயணத்தைத் தொடங்கி வைத்தது.

இதை நாம் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். தந்தை கொடுத்த புத்தகம் தவறு, கேலுஸ்கர் கொடுத்த புத்தகம் சரி என்பதல்ல இதன் பாடம். ஏன் இந்தப் புத்தகம், ஏன் அந்தப் புத்தகம் இல்லை என்று கேட்கும் உரிமை அந்தச் சிறுவனுக்கு வீட்டில் இருந்தது. பள்ளியில் வாய் திறந்து தண்ணீர் கேட்க முடியாத பிள்ளை, வீட்டில் புத்தகத்தைப் பற்றிக் கேள்வி கேட்டான். விருப்பமான புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் அங்கிருந்துதான் அது தொடங்குகிறது.

புத்தகமே இல்லாதவர்கள் என்று எழுதிய சிறுமி

அம்பேத்கர் பிறப்பதற்கு 36 ஆண்டுகளுக்கு முன், 1855இல், மராத்தி இதழான 'ஞானோதயா'வில் ஒரு கட்டுரை வெளிவந்தது. மகர், மாங் மக்களின் துயரம் பற்றிய கட்டுரை. எழுதியவர் முக்தா சால்வே. மாங் சாதியில் பிறந்த 14 வயதுச் சிறுமி. சாவித்திரிபாய் புலேவும் ஜோதிராவ் புலேவும் புனேயில் நடத்திய பள்ளியின் மாணவி.

வேதம் பார்ப்பனர்களுக்கு மட்டுமே உரியது என்றால், அதைப் பார்க்கக்கூட எங்களுக்கு அனுமதி இல்லை என்றால், எங்களுக்குப் புத்தகமே இல்லை, புத்தகம் இல்லாத எங்களுக்கு மதமும் இல்லை என்பது தெளிவாகிறதே என்ற பொருளில் அந்தச் சிறுமி வாதிட்டாள். பள்ளியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன பிள்ளை. எழுத்துக் கூட்டப் படித்த கையோடு, யாருடைய புத்தகம், யாருக்கான புத்தகம் என்ற கேள்விக்கு வந்துவிட்டாள். நம் மக்கள் வாசிப்பைப் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. தொடங்கிய நாளிலிருந்தே அது உரிமைக் கேள்வியாக இருந்திருக்கிறது.

ஓலைச்சுவடியும் ஒரு பைசாவும்

தமிழ்நாட்டுக்கு வருவோம். சேரியில் புத்தகம் ஏது என்று கேட்பவர்களுக்குப் பண்டிதர் அயோத்திதாசரின் குடும்பமே பதில். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக வேலை செய்தவர். அவர் வீட்டில் திருக்குறள், நாலடி நானூறு ஓலைச்சுவடிகள் இருந்தன. அவற்றை அவர் ஆரிங்டனிடம் கொடுத்தார், அவர் வழியாக எல்லீஸ் கைக்குப் போய் அவை அச்சேறின என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். உலகமே இன்று கொண்டாடும் குறளின் அச்சு வரலாற்றில் ஒரு பறையர் வீட்டுச் சுவடிக்கும் இடம் உண்டு. இதை எந்தப் பாடப் புத்தகத்தில் படித்தோம்?

1845இல் பிறந்த அயோத்திதாசருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தன் ஆசிரியரான வல்லக்காளத்தி அயோத்திதாசர் மேல் கொண்ட மதிப்பால் அவர் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. வரலாறு, இலக்கணம், மருத்துவம், உலகச் செய்தி, மதம், வாசகர் கேள்விகளுக்குப் பதில் என எல்லாம் அதில் இருந்தன. பெயரிலேயே விலையைச் சொன்ன இதழ் அது. கூலி வேலை செய்பவர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய விலை. சென்னையைத் தாண்டிக் கோலார் தங்கவயல், இரங்கூன், தென்னாப்பிரிக்கா வரை அதற்கு வாசகர்கள் இருந்தார்கள்.

அதற்கு முன்பே, 1893இல், தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியிருந்தார். வசையாக வீசப்பட்ட பெயரையே இதழின் தலைப்பாக்கினார். அவர் பள்ளியில் படித்த விதத்தை இன்றைய மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கோவையில் அவர் படித்தபோது சுமார் 400 மாணவர்களில் 10 பேர் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள். யாரோடும் நெருங்கிப் பழகினால் சாதியும் குடியிருக்கும் இடமும் தெரிந்துவிடும், தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள் என்ற பயத்தில், பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். 1939இல் வெளியிட்ட தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் இதைச் சொல்கிறார். சக மாணவர்கள் விளையாடிய நேரத்தில் ஒரு சிறுவனுக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகப் புத்தகம் இருந்தது. அந்தச் சிறுவன்தான் பிறகு அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார்.

1914இல் அயோத்திதாசர் மறைந்த பிறகும் அந்த வாசகர்கள் கலைந்துவிடவில்லை. கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் நடுவே சித்தார்த்த புத்தகசாலை அவருடைய நூல்களை அச்சிட்டது. 1926இல் ஜி. அப்பாதுரையார் அங்கிருந்து 'தமிழன்' இதழை மறுபடியும் கொண்டுவந்தார். பூமிக்கு அடியில் பாறை உடைத்துவிட்டு மேலே ஏறி வந்த மனிதர்கள் வாங்கிப் படித்த இதழ் அது.

இந்த வரலாற்றில் எங்களை மிகவும் நெகிழ வைப்பது இதற்கு அடுத்து நடந்ததுதான். 'தமிழன்' இதழ்களைப் பல்கலைக்கழகங்கள் தேடிப் பாதுகாக்கவில்லை. பெரிய இலக்கிய வரலாறுகள் அதைக் குறிப்பிடவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தேடித் தேடிச் சேர்த்துத் தங்கள் வீடுகளில் காப்பாற்றினார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்தபோது, கிட்டத்தட்ட 90 ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்து புதிய தலைமுறையின் கைக்கு வந்தது. வீட்டு அலமாரியும் டிரங்குப் பெட்டியும் இல்லாவிட்டால் அயோத்திதாசரை நாம் இழந்திருப்போம்.

கொட்டடியில் துணை, பொட்டலத்தில் எழுத்து

படித்துப் பட்டம் வாங்கிய பிறகும் சாதி விடவில்லை. கொலம்பியாவிலும் இலண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசில் வேலைக்குச் சேரப் போன அம்பேத்கருக்கு அந்த நகரத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். மேல்மாடியில் மின்விளக்கு இல்லாத, குப்பை நிறைந்த பெரிய கூடம். பேச ஆள் இல்லை. மனிதத் துணை இல்லாத அந்த இரவுகளில் புத்தகத்தின் துணையை நாடி, வாசித்து வாசித்துத் தனிமையை மறந்ததாகவும், வௌவால்கள் சிறகடிக்கும்போது உடல் சில்லிட்டுப்போகும் என்றும் எழுதியிருக்கிறார். 11ஆம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை அங்கிருந்தும் வெளியேற்றியது. நியூயார்க்கில் பழைய புத்தகக் கடைகளில் அவர் சேர்த்த புத்தகங்கள் சுமார் 2,000. நாடு திரும்பியபோது கப்பலில் தனியாக அனுப்பிய அவருடைய புத்தகச் சுமை, போரில் அந்தக் கப்பல் தாக்கப்பட்டதில் கடலோடு போனது. இப்படி விரட்டப்பட்டு, இழந்த ஒருவர்தான் 1930களின் தொடக்கத்தில் பம்பாய் தாதரில் 'ராஜகிருகம்' என்ற வீட்டைப் புத்தகங்களுக்காகவே கட்டினார்.

ராஜகிருகத்தைப் பற்றிப் பேசும் நாம் பேபி காம்ப்ளேயின் பெட்டிக்கடையைப் பற்றியும் பேச வேண்டும். மகாராஷ்டிராவின் மகர் பெண் அவர். கடையில் பொட்டலம் மடிக்க வாங்கிய பழைய செய்தித்தாள்களைப் படித்தே வாசிப்பை வளர்த்துக்கொண்டார். தன் வாழ்க்கையை எழுதத் தொடங்கியபோது, கணவருக்கும் வீட்டாருக்கும் தெரியாமல் பல ஆண்டுகள் அந்தத் தாள்களை மறைத்து வைத்தார். 1980களில்தான் அது நூலாக வந்தது. தலித் பெண் ஒருவர் எழுதிய முதல் தன்வரலாறுகளில் ஒன்று. சாதி வெளியிலிருந்து தடுக்க, ஆண் அதிகாரம் வீட்டுக்குள்ளிருந்து தடுத்தது. 'வீட்டில் வாசியுங்கள்' என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது, அந்த வீடு பெண் பிள்ளைக்கு என்னவாக இருக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறோம். எங்கள் மையத்தில் புத்தகம் எடுத்துப் போகும் ஆண் பிள்ளைகள் படித்துவிட்டுத் திருப்பித் தருகிறார்கள். பெண் பிள்ளைகள் பலர் படிக்காமலே திருப்பித் தருகிறார்கள். தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் கழுவுவது, தம்பியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் முடிந்த பிறகு அவர்களுக்கு மிச்சமிருப்பது தூக்கம் மட்டுமே.

உத்தரப் பிரதேசத்தில் ஓம்பிரகாஷ் வால்மீகியின் கதையும் இதே பாதையில்தான் போகிறது. துப்புரவுப் பணியில் தள்ளப்பட்ட சூஹ்ரா சாதியில் பிறந்தவர். படிக்கப் போன பள்ளியில் தலைமையாசிரியர் அவரைப் பெருக்க வைத்தார். அவரோ வீட்டுக்குப் புத்தகங்களைக் கொண்டுவந்து, எழுத்தறியாத தாய்க்கும் குடியிருப்பு மக்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார். இத்தனை படித்தும் இளைஞனாகும் வரை அம்பேத்கர் என்ற பெயரே அவருக்குத் தெரியாது. டேராடூனில் ஒரு வாசகசாலையில் நண்பர் ஹேம்லால் எடுத்துக் கொடுத்த சிறு நூல்தான் அந்தப் பெயரை அவருக்கு அறிமுகப்படுத்தியது. 1997இல் வெளிவந்த 'ஜூட்டன்' நூலில் அவரே இதைச் சொல்கிறார். பாடத்திட்டம் மறைத்ததை ஒரு நண்பன் கொடுத்த புத்தகம் காட்டிக் கொடுத்தது.

நூலகத்துக்குப் போகும் வழி

இந்தியாவில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த முன்னோடி மாகாணம் நம்முடையது. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் எஸ்.ஆர். இரங்கநாதன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது 1931இல் அவர் வகுத்த விதிகளில் முக்கியமானது. நல்ல விதி. ஆனால் வாசகர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று சட்டம் கேட்காவிட்டாலும் ஊர் கேட்கிறது.

பாமாவின் 'கருக்கு' (1992) இதைக் காட்டுகிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணன் விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிறார். பக்கத்து ஊர் நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரையில் திரும்பி வருகிறார். நாயக்கர் ஒருவர் பெயரைக் கேட்கிறார். அடுத்து, எந்தத் தெரு என்று கேட்கிறார். அண்ணன் தன் சாதியையும் தெருவையும் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு வேகமாக நடக்கிறார். அது பெரிய குற்றமாகி, மறுநாள் பாட்டியிடம் விசாரணைக்கு வருகிறது. புத்தகம் எடுத்து வந்த பாதையில்தான் இவ்வளவும் நடந்தது. அந்த அண்ணன்தான் தங்கையிடம் படி, கவனமாகப் படி என்றார்.

இன்றும் நாங்கள் போகும் ஊர்களில் நூலகக் கட்டடம் பெரும்பாலும் ஊருக்குள் இருக்கிறது, நம் பிள்ளைகள் காலனியில் இருக்கிறார்கள். நடுவில் இருப்பது அரைக் கிலோமீட்டர்தான். பள்ளியில் புத்தக அலமாரி இருக்கிறது, பூட்டியிருக்கிறது. "வீட்டுக்குக் குடுத்தா கிழிச்சிட்டு வருவாங்க, அழுக்காக்கிடுவாங்க" என்று ஓர் ஆசிரியர் எங்களிடம் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் அழுக்கு என்ற அந்தச் சொல் நம் காதில் வேறு மாதிரிதான் விழுகிறது. கோணித் துண்டைத் தொடாத கையிலிருந்து அது அதிக தூரம் விலகிவிடவில்லை. 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய வாசிப்பு இயக்கம் பிள்ளைகளின் வாசிப்புத் திறனுக்கு ஏற்ப 'நுழை, நட, ஓடு, பற' என்று சின்னச் சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. வரவேற்க வேண்டிய முயற்சி. அந்தப் புத்தகங்கள் அலமாரியைத் தாண்டிக் காலனி வீடுகளுக்குள் போகிறதா என்று பார்ப்பது நம் வேலை.

பெரிய கல்வி நிறுவனங்களிலும் இதே கதைதான். 2015 மே மாதம் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் ரத்து செய்யப்பட்டது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்த பிறகு ஜூனில் திருப்பி அளிக்கப்பட்டது. பாடத்தில் இல்லாததை மாணவர்கள் சேர்ந்து படித்ததுதான் அங்கே பிரச்சினையானது.

எங்கள் தவறு

இதுவரை மற்றவர்கள் தடுத்ததைச் சொன்னோம். நாங்கள் தடுத்ததையும் சொல்ல வேண்டும்.

மையம் தொடங்கியபோது எங்கள் அலமாரியில் இருந்தவை அனைத்தும் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளும் சாதி ஒழிப்பு நூல்களும்தான். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை வந்து, "அக்கா, பேய்க் கதை இருக்கா?" என்று கேட்டாள். "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று சொல்லி அம்பேத்கர் வரலாற்றைக் கையில் கொடுத்து அனுப்பினோம். ஒரு வாரம் கழித்துப் பிரிக்காமலே கொண்டுவந்து வைத்தாள். அதன்பிறகு புத்தகம் கேட்கவே இல்லை. மூன்று மாதத்தில் எங்கள் அலமாரியில் தூசி படிந்தது.

எதைப் படிக்க வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்கு எப்போதும் வேறு யாரோதான் முடிவு செய்திருக்கிறார்கள். அந்த வரிசையில் நாங்களும் போய் நின்றிருக்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. பேய்க் கதை, பாம்புகள், கிரிக்கெட், துப்பறியும் கதை, சமையல், படக்கதை எல்லாம் வாங்கி வைத்தோம். பழைய நூல்களையும் எடுத்துவிடவில்லை. விருப்பமானதை எடுத்துப் போகலாம், பிடிக்காவிட்டால் பாதியில் நிறுத்தலாம், கதையின் நீதி என்ன என்று யாரும் கேட்க மாட்டோம், கிழிந்தால் அபராதம் இல்லை என்று சொன்னோம்.

அந்தப் பிள்ளை திரும்பி வந்தாள். வரிசையாகப் பேய்க் கதைகளைப் படித்தாள். ஒரு நாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: "ஏங்க்கா, எல்லாக் கதையிலயும் பேய் சுடுகாட்டுல இருந்துதான் வருது. சுடுகாட்டப் பூரா நம்ம தெரு பக்கத்துலயே ஏன் வச்சிருக்காங்க?"

நாங்கள் நடத்திய எத்தனையோ வகுப்புகளில் வராத கேள்வி அது. ஊரின் சாதிப் படத்தை ஒரு பேய்க் கதை வழியாக அவளே கண்டுபிடித்துவிட்டாள். அம்பேத்கர் புத்தகத்தை அவள் இன்னும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நாங்களும் இப்போது கட்டாயப்படுத்துவதில்லை. கேள்வி வந்துவிட்டது, புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

என்ன செய்யலாம்

இளம் தோழர்களே, இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு டிரங்குப் பெட்டியும் 40 புத்தகங்களும் ஒரு நோட்டும் போதும். நோட்டை மாணவர்களிடமே கொடுங்கள். எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். படித்ததைப் பரீட்சையாக்காதீர்கள்.

வீட்டில் படிக்க இடம் இல்லை என்று பிள்ளை சொன்னால், "அம்பேத்கர் தெருவிளக்கில் படித்தார்" என்பது போன்ற வாசகங்களைச் சொல்லித் தப்பிக்காதீர்கள். ராம்ஜி செய்ததைப் பாருங்கள். அவர் அறையைப் பெரிதாக்கவில்லை, நேரத்தைப் பிரித்துக் கொடுத்தார். தொலைக்காட்சியை அரை மணி நேரம் நிறுத்த முடியுமா, அந்த அரை மணி நேரம் அக்காளின் பாத்திரத்தைத் தம்பி கழுவ முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பெண் பிள்ளைக்கு அது புத்தகத்தைவிடப் பெரிய உதவி.

பெற்றோருக்கு எழுத்துத் தெரியாது என்பதைத் தடையாக நினைக்காதீர்கள். பிள்ளை வாசிக்க, அம்மா கேட்கலாம். வால்மீகியின் தாய் அப்படித்தான் கேட்டார்.

கரும்பு வெட்டிவிட்டு வந்த அந்தத் தாயைச் சில வாரங்கள் கழித்து அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தோம். இந்த முறை சமாளிக்கவில்லை. பரீட்சைப் புத்தகம் உங்கள் பையனை வேலைக்குக் கொண்டுபோகும், அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை என்றோம். வேலைக்குப் போன இடத்தில் எந்தத் தெரு என்று ஒருவர் கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்லும் தெம்பு அதில் இல்லை, அது அவனாக விரும்பிப் படிக்கும் புத்தகத்திலிருந்து வரும் என்றோம். அக்காமாரின் நகையை அடகு வைத்த ராம்ஜியின் கதையையும் சொன்னோம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, "டேய், அந்தக் கதைய எடுத்து வந்து சத்தமா படிடா, என்னதான் இருக்குன்னு கேப்போம்" என்றார்.

அவன் படித்தான். நாங்களும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டோம்.

ஜெய் பீம்!